கட்டைவிரலுக்கு ஒரு ஸ்டீயரிங்!

"மச்சி, ஒரே ஒரு ஸ்டிக்குதானே? ஞாயித்துக்கிழமை காலைல உட்கார்ந்தா, மெஸ்ல மத்தியான சாப்பாடு போடறதுக்குள்ள முடிச்சிடலாம்டா!"

இப்படிச் சொல்லித்தான் ஆரம்பிச்சோம். முடிக்க ஏழு வாரம் ஆச்சு. நடுவுல ஒரு டிபன் பாக்ஸ் பலி. ஒரு இன்டர்னல் டெஸ்ட் ஜஸ்ட் மிஸ்ஸுல பலியாகாம தப்பிச்சது. ஆனா ஃப்ரெண்ட்ஸ், நாலு செமஸ்டர் கிளாஸ்ல உட்கார்ந்து புரியாத ‘அனலாக்’ங்கிற வார்த்தை, அந்த ஏழு வாரத்துல எங்களுக்குக் கட்டைவிரல் வழியா மண்டைக்கு ஏறிச்சு!

விஷயம் இதுதான். ஹாஸ்டல் ரூம்ல நாங்க மூணு பேர். நானும் இன்னொருத்தனும் ஈசிஇ. அவன் எந்நேரமும் புரோகிராம் அடிச்சிட்டே இருக்கறதால அவனுக்குப் பேரு ‘கோடிங்’. மூணாவது ஆள் மெக்கானிக்கல். பேரு... வேறென்ன, ‘மெக்’தான். மூணு பேரும் சேர்ந்து சொந்தமா ஒரு கையடக்க கேம் கன்சோல் செஞ்சு வெச்சிருந்தோம்.

‘சொந்தமா’ன்னதும் ஏதோ ஜப்பான் ஃபேக்டரி ரேஞ்சுக்குக் கற்பனை பண்ணிக்காதீங்க. மூளைக்கு ராஸ்பெர்ரி பை ஸீரோ டபிள்யூ. 65 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம்தான்... ஆனா முழு லினக்ஸ் ஓடும். ஸ்கிரீனுக்கு, காரை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கறதுக்கு டாஷ்போர்டுல வெப்பாங்களே, அந்த ரிவர்ஸ் கேமரா ஸ்கிரீன். டாட் போர்டுல வரிசையா எட்டு புஷ் பட்டன். கரென்ட்டுக்கு ஒரு பழைய பவர் பேங்க். எல்லாத்தையும் உள்ளே வெக்க... மெக்கோட பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ்!

இந்த ஐடியா ஒண்ணும் புதுசு இல்லை. அமெரிக்காவுல பென் ஹெக்கென்டார்ன்ங்கிறவர் 2000-லயே பழைய அட்டாரி 2600-ஐப் பிரிச்சு, கையில பிடிச்சு ஆடுற மாதிரி மாத்திக் காட்டினார். 2015 நவம்பர்ல பை ஸீரோ போர்டு வெறும் 5 டாலருக்கு வந்தப்போ, ஒரு பத்திரிகையோட அட்டையிலேயே அதை இலவசமா ஒட்டிக் கொடுத்தாங்க! 2016-ல, பழைய கேம் பாய் டப்பாவுக்குள்ள அந்த போர்டை நுழைச்ச ‘கேம் பாய் ஸீரோ’ வீடியோ வந்தது. அப்புறம் உலகம் முழுக்க இதே பைத்தியம்தான்.

எங்க கன்சோல்ல ஓடின கேமும் சொந்த சரக்கு. கோடிங் பைகேம்ல எழுதினது. தாம்பரத்துல கிளம்பி ஜி.எஸ்.டி. ரோடு வழியா விழுப்புரம் வரைக்கும் ஒரு பஸ்ஸை ஓட்டணும். நடுவுல மாடு, கரும்பு டிராக்டர், ராங் சைடுல வர்ற டூவீலர். இடிக்காம போனா ஜெயிச்சோம். ஹாஸ்டல்ல சூப்பர் ஹிட்!

அப்புறம் எதுக்கு ஸ்டிக்? அங்கதான் இருக்கு கதை.

தம்பி கேட்ட கேள்வி!

மெக்குக்கு ஊரு விழுப்புரம். அவனுக்கு ஒரு தம்பி, பத்தாம் வகுப்பு. தசைகள் கொஞ்சம் கொஞ்சமா வலுவிழக்கிற மஸ்குலர் டிஸ்ட்ரோபி அவனுக்கு இருக்கு. வீல்சேர்லதான் ஸ்கூலுக்குப் போறான். மூளை? நம்ம மூணு பேரையும் சேர்த்தாலும் அவன்கிட்ட நிக்க முடியாது!

ஒரு லீவுக்கு மெக் கன்சோலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனான். தம்பி ஆசையா வாங்கி ஆடினான். அஞ்சு நிமிஷம்தான். "அண்ணா, பட்டனை ஒவ்வொரு தடவையும் அமுக்கி அமுக்கி விரல் ஓய்ஞ்சு போகுதுண்ணா. என் ஃப்ரெண்டோட வீல்சேர்ல ஒரு ஸ்டிக் இருக்கே, லேசா தள்ளினா மெதுவா போகும், நல்லா தள்ளினா வேகமா போகும்... அந்த மாதிரி இதுல வெக்க முடியாதா?"

மெக் திரும்பி வந்து இதைச் சொன்னதும் ரூம்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம்தான் கோடிங் அந்த ‘ஒரே ஒரு ஸ்டிக்குதானே’ டயலாக்கை எடுத்து விட்டான்.

சுவிட்சும் ரெகுலேட்டரும்

பட்டனுக்கும் அனலாக் ஸ்டிக்குக்கும் என்ன வித்தியாசம்? உங்க வீட்டுச் சுவரைப் பாருங்க. லைட் சுவிட்ச் இருக்கு, பக்கத்துல ஃபேன் ரெகுலேட்டர் இருக்கு. சுவிட்சுக்குத் தெரிஞ்சது ரெண்டே வார்த்தை: ‘ஆமா’, ‘இல்லை’. ரெகுலேட்டர் சொல்றது ‘எவ்வளவு’!

எங்க பஸ்ல இடது பட்டனை அமுக்கினா முழு ஸ்டீயரிங்கும் இடது. விட்டா நேர். அதனால வளைவுல பட்டனைத் தட்டித் தட்டியே திருப்பணும். நமக்கு அது விளையாட்டு. தம்பிக்கு அது எக்சர்சைஸ்!

ஸ்டிக்குக்குள்ள ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். பழைய ரேடியோவோட வால்யூம் குமிழ்ல இருக்கிற அதே ஐட்டம்தான். ஒண்ணு இடம்-வலம், இன்னொண்ணு மேல்-கீழ். ஒரு முனையில 3.3 வோல்ட், மறுமுனையில கிரவுண்ட் கொடுத்தா, நடுவுல நகர்ற கம்பி, ஸ்டிக் எவ்வளவு சாய்ஞ்சிருக்கோ அதுக்குத் தகுந்த வோல்ட்டேஜை வெளியே தள்ளும். சும்மா நிக்கும்போது பாதி, அதாவது 1.65 வோல்ட்.

இதை அப்படியே ராஸ்பெர்ரி பையில சொருகிடலாம்னு நினைச்சோம். முதல் பல்பு! அந்த போர்டுல 40 பின் இருந்தாலும் ஒண்ணுக்குக்கூட ‘எவ்வளவு’ங்கிற பாஷை தெரியாது. எல்லாமே ஆமா-இல்லை கோஷ்டி. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். அதுக்குப் பேர்தான் ஏடிசி, அனலாக் டு டிஜிட்டல் கன்வெர்ட்டர். நாங்க செலக்ட் பண்ணது எம்சிபி3008ங்கிற சிப். 16 கால், 8 சேனல், 10 பிட். அதாவது 0-ல இருந்து அது அளக்கிற உச்ச வோல்ட்டேஜ் வரைக்கும் உள்ள இடைவெளியை 1024 படிக்கட்டா வெட்டி, ‘இப்போ இத்தனாவது படியில நிக்குது’ன்னு பைக்குச் சொல்லும்.

வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போனா... ஞாயித்துக்கிழமை, முக்கால்வாசி ஷட்டர் மூடியிருக்கு! ரெண்டாவது பல்பு. அடுத்த சனிக்கிழமை மறுபடி படையெடுப்பு. ஸ்டிக் போர்டும் சிப்பும் வாங்கிட்டுக் கிளம்பும்போது கடைக்கார அண்ணா, "தம்பி, வோல்ட்டேஜைப் பார்த்துக் குடு. பை போனா போனதுதான்"னு சொன்னார். நாங்க எங்க கேட்டோம்!

775... ஒரு மர்மக் கதை!

ராத்திரி ரெண்டு மணி. பிரெட்போர்டுல எல்லாம் சொருகியாச்சு. கோடிங் ரீடிங்கைத் திரையில ஓட விட்டான். ஸ்டிக்கை யாரும் தொடலை. நடுவுல நிக்குது. அப்போ 512 பக்கமா வரணும் இல்லையா?

775.

ஒயரைக் கழட்டி மாட்டினோம். 775. வேற சேனல்ல சொருகினோம். 775. ஒரு பக்கமா ஸ்டிக்கைத் தள்ளினா, மூணுல ஒரு பங்கு தூரம் போறதுக்குள்ளேயே 1023-க்குப் போய் ஒட்டிக்குது. அதுக்கு மேல எவ்வளவு தள்ளினாலும் அசையலை. "சிப்பு டூப்ளிகேட்டு மச்சி"ன்னு கோடிங் தீர்ப்பே எழுதிட்டான்.

அப்போ மெக்கானிக்கல்காரன் ஒரு நோட்டை எடுத்தான். "டேய், 1023-ன்னா 3.3 வோல்ட். அப்போ 775-ன்னா எவ்வளவு?" 775-ஐ 1023-ஆல வகுத்து 3.3-ஆல பெருக்கினான். விடை 2.5 வோல்ட். "2.5-ங்கிறது எதுலடா பாதி?"

5-ல பாதி!

மூணு பேரும் ஸ்டிக் போர்டைக் குனிஞ்சு பார்த்தோம். பின்னுக்குப் பக்கத்துல ‘+5வி’ன்னு அழகா பிரின்ட் பண்ணியிருக்கு. அதை நம்பி நான் பையோட 5 வோல்ட் பின்ல சொருகியிருக்கேன். சிப்புக்கு மட்டும் 3.3 வோல்ட். அது அளக்கிற ஸ்கேல் 3.3-க்குத்தான், நாங்க கொடுத்தது 5 வரைக்கும். ஒரு அடி ஸ்கேலை வெச்சு ஒண்ணரை அடியை அளக்கச் சொன்னா அது என்ன பண்ணும், பாவம்!

அந்த ஸ்டிக் 5 வோல்ட்டுக்கு மட்டும்னு பிறந்தது இல்லை. உள்ளே இருக்கிறது வெறும் ரெசிஸ்டர் பட்டை. எவ்வளவு கொடுத்தாலும் அதுல பாகம் பிரிச்சுக் கொடுக்கும். நடுவுல அந்த சிப் இருந்ததாலதான் பை பிழைச்சது. பையோட பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல தாங்காது. அந்த 5 வோல்ட் நேரா உள்ளே போயிருந்தா கன்சோலுக்கு அன்னிக்கே பால்தான். 3.3 வோல்ட் பின்னும் 5 வோல்ட் பின்னும் பையில பக்கத்துப் பக்கத்துல, முதல் பின்னும் ரெண்டாவது பின்னுமா இருக்கு. ஒயரை ஒரே ஒரு ஓட்டை நகர்த்தி மாட்டினேன்.

518.

512 இல்லைதான். ஆனா எந்த ஸ்டிக்கும் கரெக்டா நடுவுல நிக்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த ராத்திரி நாங்க போட்ட கூச்சல்ல வார்டனே எழுந்து வந்துட்டார்!

பேய் ஓட்டுற பஸ்

அடுத்த தலைவலி. ஸ்டிக்கைத் தொடாம மேசை மேல வெச்சாலும் பஸ் தானா வலது பக்கம் நகர்ந்து போய் மரத்துல முட்டுது. பேய் எல்லாம் இல்லை. நடுப்புள்ளி 518-ல இருக்கு, புரோகிராம் 512-ன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. போதாக்குறைக்கு ரீடிங் 514, 521, 517-ன்னு சும்மாவே நடுங்கிட்டு இருக்கு.

இதுக்கு மூணு வைத்தியம் பண்ணோம்.

ஒண்ணு, கன்சோலை ஆன் பண்ணதும் மூணு செகண்ட் ஸ்டிக்கைத் தொடாம விடணும். அப்போ வர்ற ரீடிங்கோட சராசரிதான் அன்னிக்கு நடுப்புள்ளி.

ரெண்டு, அந்த நடுப்புள்ளியைச் சுத்தி ஒரு சின்ன வட்டத்துக்கு ‘டெட் ஸோன்’னு பேர். அதுக்குள்ள ஸ்டிக் எவ்வளவு ஆடினாலும் பஸ் கண்டுக்காது. பெரிய கம்பெனி கன்சோல் எல்லாத்துலயும் இது உண்டு.

மூணு, ஒரே ஒரு ரீடிங்கை நம்பாம தொடர்ந்து எட்டு ரீடிங்கோட சராசரியை எடுக்கணும். கோடிங் ஓவர் உற்சாகத்துல 32 ரீடிங் எடுத்தான். நடுக்கம் சுத்தமா நின்னுச்சு. ஆனா செங்கல்பட்டுல ஸ்டீயரிங்கைத் திருப்பினா பஸ் மதுராந்தகத்துல திரும்புது! மறுபடி எட்டுக்கே வந்துட்டோம்.

இதுக்கு நடுவுல டிபன் பாக்ஸ் கதை வேற. ஸ்டிக்குக்கு ஓட்டை போடணும். பார்க்க அழகா இருக்கேன்னு, கீழ் மூலையில டிரில் பண்ணேன். கையில பிடிச்சா கட்டைவிரல் கொக்கி மாதிரி மடங்குது. பாக்ஸ் அவுட்! மெக் தலையில அடிச்சிக்கிட்டு, காலண்டர் அட்டையில அஞ்சு மாடல் வெட்டினான். ஒவ்வொண்ணையும் கண்ணை மூடிக்கிட்டுப் பிடிக்கணும், கட்டைவிரல் தானா எங்க போய் உட்காருதோ அங்க ஒரு புள்ளி. அஞ்சு அட்டை கழிச்சுத்தான் புது டிபன் பாக்ஸ்ல டிரில் இறங்கிச்சு.

"எனக்கு மட்டும் திரும்ப மாட்டேங்குது..."

எல்லாம் ஓகே. பஸ் பறக்குது. மூணு பேரும் விழுப்புரம் கிளம்பிட்டோம், அதே ஜி.எஸ்.டி. ரோட்டுல, நிஜ பஸ்ல!

தம்பி கன்சோலை வாங்கினான். கட்டைவிரலை வெச்சான். தள்ளினான். பஸ் லேசா அசைஞ்சு நேரா போய் மாட்டுல முட்டிச்சு. மறுபடி. மறுபடி. நாலாவது தடவை கன்சோலை மடியில வெச்சுட்டு மெதுவா சொன்னான்... "அண்ணா, உங்களுக்கெல்லாம் திரும்புது. எனக்கு மட்டும் திரும்ப மாட்டேங்குது."

சாப்பிட்டுக்கிட்டிருந்த இட்லி தொண்டையில நின்னுடுச்சு. நாங்க ஸ்டிக்கோட எல்லையை எங்க விரலை வெச்சு செட் பண்ணியிருந்தோம். 0-ல இருந்து 1023 வரைக்கும் போற விரல்! லேப்டாப்பைத் திறந்து அவனோட ரீடிங்கைப் பார்த்தோம். முழு பலம் கொடுத்துத் தள்ளினா, இடது பக்கம் 470, வலது பக்கம் 566. அவ்வளவுதான். நடுவுல இருந்து வெறும் 48 படிக்கட்டு. அதுல டெட் ஸோனும் கொஞ்சம் தின்னுடுது.

ஸ்டிக் சரியாத்தான் வேலை செஞ்சுது. தப்பு, ‘எல்லாரோட விரலும் எங்க விரல் மாதிரிதான்’னு நாங்க எழுதி வெச்ச நம்பர்ல இருந்தது!

கடையில வாங்கின கன்சோலா இருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். இது டிபன் பாக்ஸ் கன்சோல். நாலு ஸ்க்ரூவைக் கழட்டினா உள்ளே எல்லாமே நம்ம கையில!

முதல்ல மெக். "அவனுக்குத் தட்டுப்பாடு விசைதான். ஸ்டிக்கோட நீளத்தை ஏத்தினா அதே விசைக்கு அதிகமா சாயும். நெம்புகோல்டா, ஸ்கூல்ல படிச்சோமே!" அந்த ஸ்டிக்கோட உயரத்தைப் பார்த்து, டிபன் பாக்ஸுல குட்டிப் பனைமரம் முளைச்ச மாதிரி இருக்குன்னு நாங்களே கிண்டல் பண்ணியிருந்தோம். அதே பனைமரத்து மேல ஒரு பேனா மூடியை வெட்டி ஒட்டினான். ரீடிங் இப்போ 430-ல இருந்து 606 வரைக்கும் போச்சு. பக்கத்துக்கு 88 படி!

அடுத்து கோடிங். அந்த 88-ஐயே ‘முழு ஸ்டீயரிங்’னு மாத்தினான். டெட் ஸோனுக்கு 8 போக மீதி 80 படி. 500 படியில செய்யற வேலையை 80 படியில செய்யணும். அப்போ நடுக்கம் பெரிசா தெரியுமே? எட்டு ரீடிங் சராசரி அங்கதான் கை கொடுத்தது.

என் பங்குக்கு, கன்சோலைக் கையில தூக்கிப் பிடிக்க வேண்டாம்னு ஒரு எக்ஸாம் பேடு மேல வெல்க்ரோ ஒட்டி அதுல பொருத்தினேன். பேடு வீல்சேர் கைப்பிடி மேல ஜம்முனு உட்கார்ந்துச்சு.

இன்னொரு விஷயம் தம்பியே சொன்னான். "காலைல நல்லா தள்ளுவேன்ணா. ராத்திரி அவ்வளவு முடியாது." அதனால நம்பரை ஒரேயடியா எழுதி வெக்கலை. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் ‘உனக்கு வசதியா எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளு’ன்னு அஞ்சு செகண்ட் கேட்கும். அன்னிக்கு அந்த நேரத்துக்கு அதுதான் எல்லை. ஆள் மெஷினுக்கு ஏத்த மாதிரி வளைய வேண்டாம், மெஷின் ஆளுக்கு ஏத்த மாதிரி வளையட்டும்!

இதை நாங்கதான் கண்டுபிடிச்சோம்னு காலரைத் தூக்கி விட முடியாது. மோட்டார் வீல்சேர்களோட ஜாய்ஸ்டிக்கை ஆளுக்குத் தகுந்த மாதிரி டியூன் பண்ற பழக்கம் ரொம்ப வருஷமாவே இருக்கு. 2018-ல மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்ல 19 ஜாக் இருக்கு. கால், முழங்கை, கன்னம்னு எதுல முடியுமோ அதுக்கேத்த சுவிட்சை அதுல சொருகிக்கலாம். 2023 டிசம்பர்ல சோனியோட ஆக்சஸ் கன்ட்ரோலர் வந்தது. எங்களுது அந்த வரிசையில ஒரு டிபன் பாக்ஸ் எடிஷன்!

அன்னிக்கு சாயங்காலம் தம்பி தாம்பரத்துல கிளம்பி, அச்சிறுப்பாக்கம் தாண்டி, திண்டிவனத்துல ஒரு டிராக்டரை மயிரிழையில தப்பிச்சு, விழுப்புரம் வந்து சேர்ந்தான். முக்கால் மணி நேரம் விடாம ஆடினான். அவங்க அம்மா சமையல்கட்டுல இருந்து வந்து, ஒண்ணும் பேசாம எங்க தட்டுல இன்னும் ரெண்டு இட்லி வெச்சுட்டுப் போனாங்க.

ஃப்ளாஷ்பேக்: ஸ்டிக் கடந்து வந்த பாதை

* 1977: அட்டாரி 2600. பெரிய குச்சி, ஆனா உள்ளே வெறும் சுவிட்ச்தான். ஆமா-இல்லை கேஸ்!

* 1982: கூட்டல் குறி மாதிரி இருக்கிற டி-பேடை, நின்டெண்டோவின் குன்பே யோகோய் ‘டாங்கி காங்’ கையடக்க கேமுக்காகக் கொண்டு வந்தார். அதே வருஷம் வெக்ட்ரெக்ஸ், அட்டாரி 5200 ரெண்டும் அனலாக் ஸ்டிக்கோட வந்தன. 5200-ல ஒரு கூத்து: ஸ்டிக்கை விட்டா அது தானா நடுவுக்குத் திரும்பாது!

* 1996: நின்டெண்டோ 64. ‘சூப்பர் மேரியோ 64’-ல லேசா தள்ளினா மேரியோ பூனை நடை போடுவார், முழுசா தள்ளினா ஓடுவார்.

* 1997: சோனியின் டூயல்ஷாக். ரெண்டு கட்டைவிரலுக்கும் ஆளுக்கொரு ஸ்டிக்.

* 2004: பிஎஸ்பி. பாக்கெட்டுக்குள்ள போகணுமே! அதனால சாயற ஸ்டிக்குக்குப் பதிலா தட்டையா சறுக்குற குமிழ்.

* 2017: நின்டெண்டோ ஸ்விட்ச். தொடாமலே ஸ்டிக் நகர்ற ‘டிரிஃப்ட்’ புகார் குவிஞ்சது. 2020-ல தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா, சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டார். நம்ம பேய் பஸ்ஸுக்கு உலக அளவுல சொந்தக்காரங்க இருக்காங்க பாஸ்!

டிரிஃப்டுக்கு ஒரு முக்கிய காரணம், உள்ளே இருக்கிற பட்டை உரசி உரசித் தேயறது. அதுக்கு மாற்று, உரசலே இல்லாத காந்த ஸ்டிக். எட்வின் ஹால் 1879-ல கண்டுபிடிச்ச ‘ஹால் விளைவு’தான் அதோட அடிப்படை. 1998-ல வந்த சேகா டிரீம்காஸ்ட்லயே அது இருந்தது!

உங்களுக்கும் கை அரிக்குதா?

* முதல்ல மல்டிமீட்டர். ஸ்டிக்கோட வெளியீட்டை அளந்து பாருங்க. எந்தப் பக்கம் தள்ளினாலும் 3.3 வோல்ட்டைத் தாண்டலைன்னா மட்டும் சிப்போட சேருங்க.

* சிப்போட பவர், அளவுகோலா வர்ற விரெஃப் கால், ஸ்டிக் மூணுக்கும் ஒரே 3.3 வோல்ட் லைன். அப்போ வோல்ட்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் ஸ்கேலும் சேர்ந்தே ஆடும், ரீடிங் மாறாது.

* ரீடிங் ரொம்ப நடுங்கினா ஸ்டிக்கோட வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வெச்சுப் பாருங்க.

* டெட் ஸோனை ரெண்டு அச்சுக்கும் தனித்தனியா வெச்சா, குறுக்கா போகும்போது ஸ்டிக் ஏதாவது ஒரு பக்கமா ஒட்டிக்கும். ரெண்டு விலகலையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்க. அதாவது நம்ம பித்தாகரஸ். அப்போதான் வட்டமா வரும்.

* மெல்லிசான கன்சோல் வேணும்னா பிஎஸ்பி, ஸ்விட்ச் ஸ்பேர் ஸ்டிக்குகளைத் தேடுங்க. உயரம் கம்மி. ஆனா சால்டரிங் பொறுமையைச் சோதிக்கும்.

* ராஸ்பெர்ரி பை பிகோ (2021) மாதிரி போர்டு வெச்சிருந்தா தனி ஏடிசி சிப்பே வேண்டாம், உள்ளேயே இருக்கு.

* டிரில் பண்றதுக்கு முன்னாடி அட்டை மாடல். என் டிபன் பாக்ஸ் மேல சத்தியம்!

* முக்கியமா, யார் ஆடப் போறாங்களோ அவங்க விரலை வெச்சு அளவெடுங்க. உங்க விரலை வெச்சு இல்லை.

போன வாரம் தம்பி மெக்குக்கு போன் பண்ணான். எங்க மூணு பேரோட ஹைஸ்கோரையும் தாண்டிட்டானாம். மாட்டை இடிக்கலையாம், ஆனா தாம்பரம் டிராஃபிக் ரொம்ப ஈஸியா இருக்காம், இன்னும் கஷ்டமா வெக்கணுமாம்! கடைசியா ஒரு கேள்வி வேற...

"அண்ணா, இன்னொரு கைக்கும் ஒரு ஸ்டிக் வெக்க முடியுமா?"

கோடிங் சிப்பை எடுத்துப் பார்த்தான். எட்டு சேனல். ரெண்டுதான் யூஸ் ஆகியிருக்கு.

"ஒரே ஒரு ஸ்டிக்குதானே மச்சி..."ன்னு ஆரம்பிச்சான். நானும் மெக்கும் தலையணையைத் தூக்கி அவன் மேல வீசினோம். ஆனா வர்ற சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போறோம்!